ஏழாம் எண் படகில் இல்லாத தண்ணீர்

மார்ச் 14, சனிக்கிழமை, காலை 9.52 மணி. ஆற்றுப் படகுத்துறையிலிருந்து நானூறு மீட்டர் தள்ளி, மூன்றாவது மிதவைக்குப் பக்கத்தில், பாய்மரப் படகு சங்கத்தின் வார இறுதிப் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த ஏழாம் எண் படகு நீர் நிரம்பிக் கவிழ்ந்தது. படகில் இருந்த கணவன், மனைவி இருவரும் லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தார்கள். இருவருக்கும் காயமில்லை.

பகல் ஒன்று பத்துக்கு சர்வேயர் வந்து சேர்ந்தார். பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய லாரி, எரிந்த குடோன், தரைதட்டிய படகு என்று போய்ப் பார்த்து அறிக்கை எழுதிய அம்மாள். வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியும் அலுவலகம் போட்டு ஆறு வருடம் ஆகிறது. எல்லோருக்கும் அவர் இன்னும் சர்வேயர்தான்.

கூட வந்தவன் அவருடைய சித்தி மகன். வயது முப்பத்தெட்டு. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில்; வாரக் கடைசியில் அக்காவுக்கு உதவியாளன். வாய் ஓயாததால் அவனுக்குப் பட்டப்பெயர் ரேடியோ. காரிலிருந்து இறங்கியதும், வாசல் கம்பியில் தொங்கிய ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் ஒன்றை எடுத்து மாட்டி மூன்று கொக்கிகளையும் போட்டுக்கொண்டான்.

“ஆறு அங்கே இருக்குடா. நூறு அடி தள்ளி.”

“இப்போ அங்கே இருக்கு. அங்கேயே இருக்கும்னு உங்ககிட்ட எழுதிக் கொடுத்திருக்கா?”

சங்கத்தின் கேன்டீன் நீளமான மரக் கட்டடம். ஜன்னலுக்கு வெளியே மிதவை நடைபாதை, அதற்கப்பால் ஆறு. காலைப் பந்தயம் முடிந்து, அறுபது பேர் தட்டும் கையுமாக நின்றும் உட்கார்ந்தும் பேசிக்கொண்டிருந்தார்கள். நனைந்த கையுறைகள் ஜன்னல் விளிம்பு முழுக்க வரிசையாகக் காய்ந்தன. கேன்டீன் நடத்தும் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். போன் செய்து இவர்களை அழைத்தது அவர்தான்.

“வாங்க மேடம். சாப்பிட்டுட்டுப் பேசலாமா?”

“பேசிட்டுச் சாப்பிடலாம்.”

“அக்கா, ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு,” என்றான் ரேடியோ. “நீங்க பேசுங்க. நான் சாப்பிடறேன்.”

கேன்டீன் அம்மாள் குரலைத் தாழ்த்தினார். “நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. எங்க வீட்டுக்காரர்தான் இங்கே படகெல்லாம் ரிப்பேர் பண்றவர். பல் டாக்டரோட ஏழாம் நம்பர் படகுக்கு வியாழக்கிழமை ஒட்டுப் போட்டார். அது விட்டுப்போய்த்தான் படகு கவிழ்ந்ததுன்னு தலைவர் எழுதி ஒட்டிட்டார். ஷெட்டைக் காலி பண்ணச் சொல்லப் போறாங்க. பதினோரு வருஷம், மேடம். அந்த ஷெட்டை விட்டா அவருக்கு எங்கே போய் நிக்கறதுன்னு தெரியாது.”

“அவர் என்ன சொல்றார்?”

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். அதான் எனக்குப் பயமே.”

அறிக்கை, அலுவலக வாசலில் இருந்த பலகையில் நான்கு மூலையிலும் ஊசி குத்தி ஒட்டப்பட்டிருந்தது.

‘1. ஏழாம் எண் படகு காலை 10.20க்கு வின்ச் மூலம் சரிவு மேடையில் ஏற்றப்பட்டது.

2. வடிகால் மூடி இறுக்கமாக மூடியிருந்ததை நேரில் கண்டேன்.

3. ஆகவே, முன்பக்கம் அண்மையில் போடப்பட்ட ஒட்டின் வழியாகவே நீர் புகுந்துள்ளது.

4. கமிட்டி முடிவு செய்யும்வரை படகை யாரும் தொடக்கூடாது. இதுவரை தொடவும் இல்லை. - தலைவர்.’

“தொடக்கூடாது, முற்றுப்புள்ளி, தொடவும் இல்லை,” என்று ரேடியோ வாசித்தான். “தலைவர் ஹெட்மாஸ்டரா இருந்தவரா?”

“முப்பத்து நாலு வருஷம்,” என்றார் கேன்டீன் அம்மாள். “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“படிக்கறப்போ என் முதுகு தானா நிமிர்ந்துச்சு.”

*

படகு ரிப்பேர் செய்பவரை எல்லோரும் பசை அண்ணன் என்றார்கள். ஷெட்டின் கதவைத் திறந்ததுமே காரமான ஃபைபர் பசை வாடை மூக்கைப் பிடித்தது. சுவர் நிறைய உப்புத்தாள், தூரிகை, பசை டப்பா. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் உட்கார்ந்து, விரல்களில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார் அவர்.

“என் ஒட்டுதான் போயிருக்கும்,” என்றார், கேள்வி கேட்பதற்கு முன்பே.

“போய்ப் பார்த்தீங்களா?” என்றார் சர்வேயர்.

“தொடக்கூடாதுன்னு போட்டிருக்கே.”

“பார்க்காம எப்படிச் சொல்றீங்க?”

“வேற எப்படிம்மா தண்ணி உள்ளே வரும்? படகுக்குப் பின்னாடி அடியில கட்டைவிரல் நுழையற மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். உள்ளே சேர்ற தண்ணி வடியறதுக்கு. தண்ணியில இறக்கறப்போ அதை மூடி போட்டுத் திருகிடுவோம். அந்த மூடி போட்டுத்தான் இருந்துச்சுன்னு தலைவரே பார்த்திருக்கார். அப்போ மிச்சம் என் ஒட்டுதானே?” உரித்த பசையைச் சுருட்டிக் கீழே போட்டார். “வியாழக்கிழமை நல்ல மழை. ஒரு நாள் காய்ச்சல் பத்துமான்னு அன்னைக்கே ஒரு சந்தேகம். கேட்டிருந்தா இன்னொரு நாள் கொடுத்திருப்பாங்க. நான் கேட்கல. ரெண்டு பேர் ஆத்துல விழுந்துட்டாங்க. அந்த அம்மாவுக்கு நீச்சல்கூடச் சரியா வராது.”

“நாலு மணிக்கு என்ன சொல்லப் போறீங்க?”

“ஒத்துக்கப் போறேன். அதுதானே நியாயம்.”

 சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று நாற்பது.

*

சரிவு மேடை, ஆற்றுக்குள் இறங்கும் சிமென்ட் சாய்தளம். அதன் உச்சியில் படகை இழுத்தேற்றும் வின்ச். இரும்புக் கயிற்றின் முனையில், சக்கரம் வைத்த தாங்கியின் மேல், ஏழாம் எண் படகு மூக்கை உயர்த்தி, பின்பக்கத்தை ஆற்றுக்குக் காட்டி நின்றது. நீல உடம்பு. முன்பக்கம் வலதுபுறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒட்டு.

சர்வேயர் செருப்பைக் கழற்றிவிட்டு, படகின் விளிம்பைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“டேய், என்ன தெரியுது?”

ரேடியோவும் எட்டிப் பார்த்தான். “ஒண்ணும் இல்லை. ஒரு கைப்பிடி மணல். ஒரு கைக்குட்டை. மீன்கூட இல்லை.”

“தண்ணி எங்கே?”

“ஆத்துல.”

“இதுக்குள்ள இருந்த தண்ணி.”

“வெயில்ல காஞ்சிருக்கும்.”

“ரெண்டு பேர் உட்கார்ற படகு, விளிம்பு வரைக்கும் தண்ணி. மூணு மணி நேரத்துல காயுமா?”

“யாராவது மொண்டு ஊத்தியிருப்பாங்க.”

“நாலாவது பாயின்ட்.”

“தொடவும் இல்லை,” என்று ரேடியோ முனகினான். உடனே முகம் மலர்ந்தது. “அக்கா, ஒட்டு வழியாத்தானே உள்ளே வந்துச்சு? வந்த வழியாவே போயிருக்கும். விருந்தாளி எல்லாம் அப்படித்தானே போறாங்க?”

“ஒட்டு எங்கே இருக்கு?”

“முன்னாடி.”

“முன்பக்கம் மேல இருக்கா, கீழ இருக்கா?”

ரேடியோ படகின் மூக்கைப் பார்த்தான். பின்பக்கத்தைப் பார்த்தான். மூன்று விநாடி பேசவில்லை. அவனைப் பொறுத்தவரை அது நீண்ட நேரம்.

“மேல இருக்கு,” என்றான். “தண்ணி மேட்டுல ஏறிப் போய் இறங்காது. எல்லாம் பின்னாடிதான் தேங்கி நிக்கணும். மூடி போட்டிருந்தா இன்னும் அங்கேயே நிக்கணும்.”

“நிக்கலை. அப்போ?”

“படகை மேல இழுக்கறப்போ ஓட்டை திறந்துதான் இருந்திருக்கு. தண்ணி எல்லாம் அது வழியா வடிஞ்சப்புறம் யாரோ மூடி போட்டிருக்காங்க.” அவன் ஒரு அடி பின்னால் போனான். “அப்போ பசை அண்ணன்...”

“இப்போதைக்கு வாயைத் திறக்காதே. அவர்கிட்டயும் சொல்லாதே. யாருன்னு தெரியாமப் போய் நின்னா, தலைவர் நேர்ல பார்த்த சாட்சிக்கு எதிரா நம்ம தண்ணிக் கணக்கு நிக்காது.”

சர்வேயர் நடந்தார். கரையில் மற்ற படகுகள் வரிசையாகத் தாங்கிகளில் நின்றன. பதினொன்று. ஒவ்வொன்றின் பின்னாலும் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். பதினொன்றிலும் ஓட்டை திறந்திருந்தது. மூடிகள் படகுகளுக்குள் கிடந்தன. சரிவின் ஓரச் சுவரில் சங்கத்தின் விதிகள் பெயின்ட்டில் எழுதப்பட்டிருந்தன. ஆறாவது விதி: ‘கரையில் நிற்கும் படகில் வடிகால் மூடி போடக்கூடாது.’

“மழை பெஞ்சா படகு தொட்டியாகிடும். அதுக்குத்தான்,” என்றார் சர்வேயர். “இங்கே இருக்கற யாருக்கும் கரை ஏறினதும் கை தானா மூடியைக் கழட்டப் போகும். பன்னண்டு படகுல ஒண்ணுல மட்டும் கரையில மூடி போட்டிருக்கு. பழக்கத்துல போட்டது இல்லைடா. பயத்துல போட்டது.”

அவர் ஏழாம் எண் படகின் மூடியைத் திருகிக் கழற்றினார். கருப்பு பிளாஸ்டிக். மரை பளிச்சென்று இருந்தது. ஒரு தூசு, துரும்பு இல்லை. தன் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.

“தொடக்கூடாதுன்னு போட்டிருக்கு,” என்றான் ரேடியோ.

“அது மெம்பர்களுக்கு.”

“சரி, இது சுலபம். பல் டாக்டர் படகு. மனுஷன் மூடி போட மறந்துட்டார். கவிழ்ந்துட்டார். மானம் போகுமேன்னு நைசா வந்து மூடிட்டார். வாங்க, மயக்க ஊசி போடாமலே பிடுங்கிடலாம்.”

*

பல் டாக்டர் கேன்டீனின் பின்புற வராந்தாவில் இருந்தார். அவர் துணிகள் எதிரே கொடியில் காய்ந்தன. யாரோ கொடுத்த சங்கத்து பனியன் இரண்டு அளவு சின்னது. மூச்சு விடும்போதெல்லாம் தொப்புள் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் அவர் மனைவி, தலையில் துண்டுடன்.

“கால் நனையுதுன்னு நான் அப்பவே சொன்னேன் இல்லைங்க?”

“நீ போன வாரமும் சொன்னே.”

“போன வாரமும் நனைஞ்சுது! அதுக்குத்தானே ஒட்டுப் போட்டோம்!”

சர்வேயர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “டாக்டர், ஒரே ஒரு கேள்வி. இன்னைக்குக் காலையில மூடி போட்டீங்களா?”

டாக்டரின் காது சிவந்தது. ஆற்றைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு, “இல்லை,” என்றார்.

“என்னது?” என்றார் மனைவி. தலையிலிருந்த துண்டு நழுவி விழுந்தது.

ரேடியோ அக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

“இன்னைக்குப் போடலை,” என்றார் டாக்டர். “நேத்து சாயங்காலமே போட்டுட்டேன்.”

“நேத்தா? கரையில நிக்கறப்பவா?”

“எல்லாரும் போனப்புறம் வந்து போட்டேன். விதி ஆறு. தெரியும்.” அவர் பனியனைக் கீழே இழுத்துவிட்டார். அது மறுபடி மேலே ஏறியது. “போன வருஷம் ஒரு தடவை மறந்துட்டேன் மேடம். முதல் மிதவையைக்கூடத் தாண்டலை, அறுபது பேர் பார்க்க முழுகிட்டேன். அன்னையிலேர்ந்து எனக்குப் பேர் தொட்டி. கிளினிக்ல ஒரு பேஷன்ட், வாயில கருவியை வெச்சிருக்கேன், அப்பவும் ‘ஒட்டி டாக்டர்’ங்கறார். அவருக்கு அந்த நேரத்துல த வரலை, ஆனா விடலை. அதுக்கப்புறம் நான் முந்தின நாளே மூடியை இறுக்கிட்டுப் போயிடுவேன். மறக்கறதுக்கு வழியே இல்லை பாருங்க.”

“காலையில ஒரு தடவை பார்த்திருக்கலாமே?”

“போட்டாச்சுன்னு தெரியறப்போ எதுக்குப் பார்க்கணும்?”

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டார். “பல்லுக்கு மட்டும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும்னு ஊர் பூரா சொல்றது!”

“வெறுமனே போடலை,” என்று டாக்டர் விட்டுக்கொடுக்காமல் சொன்னார். “கசியாம இருக்க, மரையில நூல் சுத்தித்தான் போடுவேன். பல் இடுக்குல விட்டுச் சுத்தம் பண்ணுவோமே, அந்த மெழுகு நூல். ஏழு சுத்து.”

“படகுக்குச் சொத்தையும் வராது,” என்றான் ரேடியோ.

சர்வேயர் கைக்குட்டையைப் பிரித்து மூடியைக் காட்டினார். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“மூடி என்னோடதுதான். என் நூல் எங்கே?”

ரேடியோ அக்காவின் காதருகே குனிந்தான். “பொய் சொல்றார். நூலாவது கயிறாவது.”

“மறந்துட்டு மறைக்கறவர் என்ன சொல்வார்? காலையில போட்டேன்னு சொல்வார். அது போதுமே. நேத்தே வந்து சங்கத்து விதியை மீறினேன்னு எதுக்குச் சொல்லணும்? அதுவும் பொண்டாட்டி முன்னாடி?”

“அதுவும் சரிதான். அந்த அம்மா முன்னாடி நான்னா கடிகாரம் பார்த்து மணிகூடத் தப்பாச் சொல்ல மாட்டேன்.” அவன் யோசித்தான். “அப்போ இவர் நேத்து போட்டார். இன்னைக்கு யாரோ கழட்டியிருக்காங்க. ஜெயிச்சவர் யாரு? அவர்தான்.”

“முதல்ல வந்தவர் கடைசில வர்றவரைக் கவிழ்த்து என்னடா பண்ணப் போறார்?”

“போன தடவை நான் பதினொண்ணாவது,” என்றார் டாக்டர்.

“இன்னைக்கு ஆரம்பமே சரியில்லை மேடம்,” என்றார் அவர் மனைவி, விழுந்த துண்டை உதறிக்கொண்டே. “படகெல்லாம் வரிசையா நிக்குது. தலைவர் விசிலை எடுத்து ஊதறார். சத்தமே வரலை. வாத்து தும்மின மாதிரி ஒண்ணு வந்துச்சு. அவ்வளவுதான். மறுபடி ஊதறார், மறுபடி தும்மல். எல்லாரும் சிரிக்க ஆரம்பிச்சாச்சு. கடைசில கையை வீசி ‘போங்க, போங்க’ன்னார். அதுக்கே சகுனம் சரியில்லைன்னு இவர்கிட்ட சொன்னேன்.”

சர்வேயர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

“விசிலை எங்கே வெச்சிருப்பார்?”

“சட்டைப் பையில. கயிறு மட்டும் வெளியே தொங்கும்.”

“காலையில உங்க படகை வின்ச்சுல இழுத்தது யாரு?”

“அவர்தான், தனியா. நாங்க நடுங்கிட்டு இங்கே வந்துட்டோம். மத்தவங்க எல்லாம் இன்னும் ஆத்துல இருந்தாங்க.”

சர்வேயர் எழுந்தார். மணி மூன்று இருபது.

“அக்கா,” என்றான் ரேடியோ, பின்னாலேயே ஓடிக்கொண்டு. “ஒரு வாத்து தும்மினதுக்கா இப்படி நடக்கறீங்க? என்னன்னு சொல்லிட்டு நடங்க. எனக்கு லைஃப் ஜாக்கெட்டோட ஓட வரலை.”

*

தலைவரின் அறையில் எல்லாம் நேர்க்கோட்டில் இருந்தன. கொடிகள் சுருட்டி அளவுப்படி அடுக்கியிருந்தன. மேசையில் மூன்று பென்சில்கள், மூன்றும் கூர்மையாக. தலைவர் எழுபது வயதிலும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. பையிலிருந்து நீலக் கயிறு தொங்கியது.

“கூட்டம் நாலு மணிக்கு. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை,” என்றார்.

“ஒரு நிமிஷம் சார். உங்க விசிலைக் கொஞ்சம் ஊதிக் காட்டறீங்களா?”

“விசிலையா? எதுக்கு?”

“என் தம்பி வாத்துச் சத்தம்னு சொன்னா நம்ப மாட்டேங்கறான்.”

தலைவர் கயிற்றைப் பிடித்து விசிலை வெளியே இழுத்தார். ஊதினார். கர்ரென்று ஒரு தும்மல் வந்தது.

“வாத்தேதான்,” என்றான் ரேடியோ. “சளி பிடிச்ச வாத்து.”

சர்வேயர் கையை நீட்டினார். தலைவர் விசிலைக் கொடுத்தார். சர்வேயர் தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து விசிலின் பிளவுக்குள் விட்டு மெல்ல நெம்பினார். வெள்ளையாக ஒரு நுனி வெளியே வந்தது. அதைப் பிடித்து இழுத்தார். நான்கு விரல் நீளத்துக்கு ஒரு நூல், மெழுகுப் பளபளப்போடு, சுருள் சுருளாக.

“மோந்து பாரு.”

ரேடியோ மோந்து பார்த்தான். முகம் மாறியது. “புதினா. பல் விளக்கின வாசனை.” அவன் நூலைப் பார்த்தான், தலைவரின் சட்டைப் பையைப் பார்த்தான், பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். “அக்கா. மூடி இந்தப் பையிலயா இருந்துச்சு?”

தலைவர் மூன்று பென்சில்களில் ஒன்றை எடுத்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

“எட்டே முக்காலுக்கு ஆய்வுக்குப் போனேன்,” என்றார். “ஒவ்வொரு படகாப் பார்ப்பேன். ஏழாம் நம்பர்ல கரையிலேயே மூடி போட்டிருந்துச்சு. பதினெட்டு வருஷமா சுவத்துல எழுதி வெச்சிருக்கேன், அப்படியும் போட்டிருக்கார். கழட்டி எடுத்துட்டுப் போய் அவர் கையில கொடுத்து, நாலு வார்த்தை கேட்கணும்னு பையில போட்டேன். அப்போ பிரெட் வேன் ஒண்ணு சரிவுக்குக் குறுக்கே வந்து நின்னுது. அதை நகர்த்தறதுக்கே இருபது நிமிஷம். அப்புறம் கொடி, வரிசை, பந்தயம்.”

“எப்போ ஞாபகம் வந்துச்சு?”

“கயித்தைப் பிடிச்சு இழுத்தா விசில் மட்டும்தான் வரும். கையைப் பைக்குள்ள விடவே மாட்டேன். படகை மேல இழுத்தப்புறம், வேர்வை துடைக்கக் கைக்குட்டை எடுக்கலாம்னு விட்டேன். கையில மூடி வந்துச்சு. கீழே போய்ப் பார்த்தேன். தண்ணி வடிஞ்சு முடிஞ்சிருந்தது. சுத்திலும் யாரும் இல்லை. ஏதோ குப்பை சுத்தியிருக்குன்னு மரையைத் துடைச்சேன். போட்டேன்.”

சர்வேயர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று முப்பத்தைந்து.

“மறதி யாருக்கும் வரும் சார்,” என்றார் சர்வேயர். “மூடியைக் கழட்டினது மறதி. பலகையில ஒட்டியிருக்கறது மறதி இல்லை.”

“இல்லை.”

“பசை அண்ணன் நாலு மணிக்கு ஒத்துக்கப் போறார்.”

தலைவர் நிமிர்ந்தார். “எதை?”

“அவர் ஒட்டு விட்டுப்போச்சுன்னு.”

“அவன் ஏன் ஒத்துக்கணும்? அவன் எதிர்த்துப் பேசுவான், யாரும் நிச்சயமாச் சொல்ல முடியாது, ஒரு எச்சரிக்கையோட முடிச்சுடலாம்னு...” தலைவர் நிறுத்தினார்.

“நீங்க எழுதினதை அவர் நம்பறார். மூடி போட்டிருந்ததைத் தலைவரே பார்த்திருக்கார், அப்போ தப்பு என்னோடதாத்தான் இருக்கணும்ங்கறார். வியாழக்கிழமை மழை, ஒரு நாள் அதிகம் காய வெச்சிருக்கணும்னு காலையிலேர்ந்து தன்னைத்தானே திட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.”

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கிருந்து ஷெட்டின் கதவு தெரியும்.

“ஸ்கூல்ல செய்யாத தப்பை ஒத்துக்கற பையன் வருஷத்துக்கு ஒருத்தன் வருவான்,” என்றார் கடைசியில். “ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். அதுக்குள்ள தண்டனை கொடுத்திருப்பேன்.”

“இவருக்கு இன்னும் கொடுக்கலை சார்,” என்றான் ரேடியோ. “இருபது நிமிஷம் இருக்கு.”

தலைவர் அவனைப் பார்த்தார். ரேடியோ தன்னை அறியாமல் எழுந்து நின்றான்.

“நீ எதுக்கு ரூமுக்குள்ள லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கே?”

“சும்மா சார்.”

“கழட்டி, எடுத்த இடத்துல மாட்டு.”

“சரி சார்.”

அவன் வெளியே ஓடியபோது, தலைவரும் பின்னாலேயே வந்தார். பலகையின் முன் நின்று, நான்கு ஊசிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அறிக்கையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். கமிட்டி அறைக்குப் போகவில்லை. நேராக ஷெட்டை நோக்கி நடந்தார். கேன்டீன் அம்மாள் கையில் கரண்டியுடன் வாசலுக்கு வந்து, அவர் கதவைத் தட்டுவதையும், கதவு திறப்பதையும், மூடுவதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன மேடம் நடக்குது?”

“சாப்பாடு மிச்சம் இருக்காம்மா?” என்றார் சர்வேயர். “எனக்கு இப்போதான் பசிக்குது.”

*

கமிட்டிக் கூட்டம் 4.06க்குத் தொடங்கியது. ஆறு நிமிடத் தாமதம். தலைவர் அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு மூன்று நிமிடம் பேசினார். ஷெட் பசை அண்ணனிடமே இருக்கும் என்று முடிவானது. பந்தயத்துக்கு முந்தைய ஆய்வைத் தலைவர் ஆறு மாதத்துக்குச் செய்யமாட்டார் என்றும், அதைப் பசை அண்ணன் செய்வார் என்றும் தலைவரே முன்மொழிந்தார். யாரும் எதிர்க்கவில்லை. விதி ஆறை மீறியதற்காகப் பல் டாக்டருக்கு ஒரு பந்தயம் தடை விதிக்கப்பட்டது. அவர் மனைவி கைதட்டினார். கூட்டம் 4.31க்கு முடிந்தது.

4.50க்குப் பசை அண்ணன் சரிவு மேடைக்கு வந்தார். ஏழாம் எண் படகை மட்டமாக நிறுத்தி, ஓட்டையை மூடி, குழாயைத் திறந்து உள்ளே விளிம்பு வரை தண்ணீர் விட்டார். தாங்கிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கால் மணி நேரம் ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டில் கசிவு இல்லை.